காலி மண்டபத்தைப் பார்த்து அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்: அக்கா மகள் கல்யாணத்துக்கு மண்டபம் பிடித்த கதை

அக்கா மகளுக்கு மாப்பிள்ளை உறுதியானதும் மண்டபம் பார்க்கிற பொறுப்பு என்னிடம் வந்தது. தாய்மாமன் என்பது ஒரு காரணம். மச்சானால் கடையை விட்டு நகர முடியாது, அக்காவுக்கு ஜவுளி, நகை, பத்திரிகை என்று ஏற்கெனவே மூச்சு விட நேரமில்லை. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னேன், அடுத்த ஆறு வாரம் அதிலேயே போனது. கல்யாணம் முடிந்து இப்போது வீடு அமைதியாக இருக்கிறது. எந்த மண்டபத்தை ஏன் விட்டோம், எதை ஏன் எடுத்தோம், எது நினைத்தபடி நடந்தது, எங்கே அடி வாங்கினோம் என்பதை மறப்பதற்கு முன்னால் எழுதிவைக்கிறேன். இப்போது மண்டபம் தேடி அலைகிற யாருக்காவது ஒரு நாள் அலைச்சல் மிச்சமானாலும் போதும்.

எங்களுக்கு மதுரை, மாப்பிள்ளை வீடு கம்பம். பெண் வீட்டில் கல்யாணம், மாப்பிள்ளை வீட்டில் தனியாக ஒரு வரவேற்பு, மண்டப வாடகை மட்டும் ஆளுக்குப் பாதி என்று உறுதி வார்த்தை அன்றே பேசிக்கொண்டோம். வாடகையைப் பாதியாக்கியதில் ஒரு நல்லது நடந்தது. சம்பந்தியும் மண்டபம் பார்க்க வந்தார். அவர் ஒரு நாள் கூட வந்து நடந்ததால்தான் இந்தக் கதை இப்படி முடிந்தது.

தேதியில் ஆரம்பித்தது

ஆடியும் மார்கழியும் கிடையாது. புரட்டாசியில் எங்கள் பக்கம் செய்ய மாட்டார்கள், பங்குனி வேண்டாம் என்று சம்பந்தியம்மா சொல்லிவிட்டார். மீதி மாதங்களில் வளர்பிறை, அதிலும் ஞாயிற்றுக்கிழமை என்று வடிகட்டிக்கொண்டே போனால் வருடத்துக்கு ஒரு கைப்பிடி நாள்தான் தேறும், அந்த ஒரு கைப்பிடி நாளுக்குத்தான் ஊரே போட்டி போடுகிறது. மாப்பிள்ளை வீட்டில் முதலில் குறித்துக் கொடுத்தது சித்திரையில் ஒரு நாள். நாள்காட்டியைப் புரட்டினால் திருவிழா வாரம். மீனாட்சி திருக்கல்யாணம், தேர், அழகர் ஆற்றில் இறங்குவது எல்லாம் அடுத்தடுத்து வருகிற வாரத்தில் மதுரைக்குள் ஒரு கல்யாணக் கூட்டத்தைக் கொண்டுவருவது என்றால், லாட்ஜில் அறை கிடைக்காது, எந்தத் தெருவில் போலீஸ் வண்டியைத் திருப்பிவிடும் என்று தெரியாது, அழகர் இறங்குகிற அன்று விடிய விடிய வைகைக்கரையில் ஜனம் நிற்கும். எங்களுக்கு அது பழக்கம், கம்பத்தில் இருந்து பஸ் பிடித்து வருகிறவர்களுக்கு அது சித்திரவதை. சம்பந்தியிடம் போனில் விளக்கிச் சொன்னேன், உடனே புரிந்துகொண்டார். ஜோசியரிடம் வைகாசியில் மூன்று நாள் குறித்து வாங்கினோம்.

மூன்று நாள் வாங்கியதைப் பெரிய புத்திசாலித்தனம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அது இல்லாமல் போயிருந்தால் மண்டபக்காரர் சொன்னதற்குத் தலையாட்டியிருப்போம். ஒரே ஒரு தேதியைக் கையில் வைத்துக்கொண்டு போகிறவனிடம் பேரம் பேச என்ன இருக்கிறது? மூன்று தேதி இருந்ததால் ஒரு இடம் நழுவினாலும் வேறு நாளில் அதே இடத்தைக் கேட்க முடிந்தது.

எத்தனை பேர் என்ற கணக்கு

வீட்டில் இதைக் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். மச்சான் 1,500 என்றார், அக்கா 800 தாண்டாது என்றாள். நான் பீரோவில் இருந்த மொய் நோட்டை எடுத்தேன். மூன்று வருடத்துக்கு முன் அக்கா வீட்டுப் புதுமனை புகுவிழாவில் எழுதியது. ஊர் வாரியாக, பெயர் வாரியாக 412 வரி. வந்தவர்கள் யார், எந்த ஊரில் இருந்து வந்தார்கள் என்பதற்கு அதைவிட நம்பகமான ஏடு ஒரு குடும்பத்தில் கிடையாது. பத்திரிகை கொடுத்த பட்டியல் நம் ஆசையைச் சொல்லும், மொய் நோட்டு நடந்ததைச் சொல்லும். ஒரு வரிக்கு இரண்டு பேர் என்று வைத்தால் 824. கம்பத்தில் இருந்து இரண்டு பஸ், நாலு வேன், சில கார் என்று சம்பந்தி சொன்ன கணக்கு 270. ஆக முகூர்த்தத்தன்று 1,100 பேர், முந்தின நாள் மாலை வரவேற்புக்கு அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். இந்த இரண்டு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டுதான் இடம் பார்க்கக் கிளம்பினேன்.

அடுத்து, சமையல் மாஸ்டரை முதலிலேயே பேசி முடித்தோம். மண்டபத்துக்கு முன்னால் மாஸ்டரா என்று அக்கா கேட்டாள். எங்கள் வீட்டு விசேஷங்களுக்கு இருபது வருடமாகச் சமைப்பவர் அவர். மதுரையில் எந்த மண்டபத்து அடுப்பு எப்படி, எந்த மண்டபத்தில் தண்ணீர் எப்படி என்பது அவருக்கு உள்ளங்கை ரேகை மாதிரி. அவரை ஸ்கூட்டரின் பின்னால் உட்கார வைத்துக்கொண்டுதான் பாதி மண்டபங்களைப் பார்த்தேன்.

நான்கு இடம்

பத்துப் பதினைந்து பார்த்ததில் கடைசியாக நின்றது நான்கு.

முதலாவது ரிங் ரோட்டில், மாட்டுத்தாவணியைத் தாண்டி. புது மண்டபம், முழு ஏசி, வாசலில் நீரூற்று, 200 கார் நிறுத்தலாம், 400 பேர் ஒரே நேரத்தில் சாப்பிடலாம். பெண்ணுக்குப் போட்டோவிலேயே பிடித்துவிட்டது. வாடகை 4,50,000, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 81,000. மேடை அலங்காரம் அவர்கள் ஆள்தான் செய்ய வேண்டும், சமையலும் அவர்கள் சொல்லும் நாலு பேரில் ஒருவர்தான். அங்கேயே எனக்குப் பாதி மனசு விட்டுப்போனது, எங்கள் மாஸ்டரை வெளியே நிறுத்திவிட்டு ஒரு கல்யாணமா? ஆனால் அதை விட்டதற்கு உண்மையான காரணம் சம்பந்தி சொன்னது. அவர் வாசலில் நின்று சுற்றிலும் பார்த்துவிட்டுக் கேட்டார்: “எல்லாம் நல்லாத்தான் இருக்கு. எங்க ஆளுங்க பஸ்ஸுல வர்றவங்க. ஆரப்பாளையத்துல இறங்கி இங்க எப்படி வருவாங்க?” தேனி, கம்பம் பக்கத்துப் பஸ் ஆரப்பாளையத்துக்குத்தான் வரும். அங்கிருந்து ரிங் ரோட்டின் அந்தக் கோடிக்கு ஊரைக் குறுக்கே கடந்து வர வேண்டும், முகூர்த்த நாளில் அது ஒரு மணி நேரம். வேனில் வருகிறவர்களும் உசிலம்பட்டி, செக்கானூரணி வழியாக மேற்கே இருந்து வந்து கிழக்கே போக வேண்டும். எனக்கு அதுவரை இது தோன்றவே இல்லை. காரில் போய்ப் பார்த்தவனுக்கு எப்படித் தோன்றும்?

இரண்டாவது திருப்பரங்குன்றம். இது அம்மாவின் ஆசை. முருகன் தெய்வானையைக் கல்யாணம் செய்த இடம், அங்கே சந்நிதியில் தாலி கட்டிவிட்டுப் பக்கத்து மண்டபத்தில் சாப்பாடு போடலாம், செலவும் குறையும் என்றாள். ஆதார், வயதுச் சான்று, விஏஓ கொடுக்கும் முதல் திருமணச் சான்று எல்லாம் எடுத்துக்கொண்டு கோயிலில் பதிய வேண்டும், அது பெரிய வேலை இல்லை. ஒரு முகூர்த்த நாள் காலையில் அம்மாவையே கூட்டிக்கொண்டு போனேன். எத்தனை மாலை, எத்தனை மேளம், ஒரு ஜோடி நகர்வதற்குள் அடுத்த ஜோடி. பார்க்க மனசு நிறைந்துதான் இருந்தது, நானே கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டேன். ஆனால் சந்நிதித் தெருவுக்கு வெகு முன்னாலேயே வண்டியை நிறுத்திவிட்டு அம்மாவை நடத்திக் கூட்டிப்போனதில் அவளுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. திரும்பும்போது ஆட்டோவில் அவளாகவே சொன்னாள், “நம்ம பக்கம் கிழடுகட்டை நெறைய இருக்குடா, தாங்காது.” பத்திரிகையை முதலில் அங்கே வைத்துக் கும்பிடுவது என்று முடிவானது. அதில் அவளுக்குத் திருப்தி.

மூன்றாவது நகருக்குள், எங்கள் தெருவில் இருந்து நடக்கும் தூரம். அக்காவுக்கும் மச்சானுக்கும் கல்யாணம் நடந்த அதே மண்டபம். மச்சானுக்கு அங்கேதான் செய்ய வேண்டும் என்று ஆசை, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. வாடகை 1,20,000. ஏசி இல்லை, அது எங்களுக்குப் பெரிய குறையும் இல்லை. கீழே கல்யாண ஹால், மேலே சாப்பாடு. கீழிருந்து மேலே போக ஒரே படிக்கட்டு, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டும். சாப்பாட்டு ஹாலில் 160 பேர்தான் உட்காரலாம் என்பதால் கூட்டம் அதிகமானால் மொட்டை மாடியில் கீற்றுக் கொட்டகை போட்டு அங்கேயும் பந்தி வைக்கலாம் என்றார் மேனேஜர்.

கீற்று என்றதும் எனக்கு ஸ்ரீரங்கம் நினைவுக்கு வந்தது. 2004 ஜனவரி 23. கல்யாண மண்டபத்து மாடியில் போட்டிருந்த கீற்றுப் பந்தலில் தீப்பிடித்து மாப்பிள்ளை உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். வீடியோ லைட்டுக்குப் போன மின்சாரத்தில்தான் நெருப்பு ஆரம்பித்தது, தப்பித்து இறங்குவதற்கு இருந்த வழி குறுகல். அன்று டிவியில் பார்த்த காட்சி இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. வேலை எல்லாம் முடிந்து மச்சான் கடையை அடைத்த பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னேன். அந்தப் படிக்கட்டையும் கீற்றையும் மட்டும் சொன்னேன், வேறு எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “வேண்டாம் மாப்ள, வேற பாரு” என்றார்.

நாலாவது தேனி ரோட்டில், நாகமலை புதுக்கோட்டைப் பக்கம். பத்து வருடப் பழைய கட்டடம், வாசலில் நீரூற்று இல்லை, மேடையின் பின்சுவரில் ஒரு பச்சைப் பெயின்ட், போட்டோவில் சுமாராகத்தான் தெரியும். வாடகை 2,80,000. ஹாலும் சாப்பாட்டு இடமும் ஒரே தளத்தில், பக்கத்துப் பக்கத்தில். கம்பத்து வண்டிகள் ஊருக்குள் நுழையவே வேண்டாம், பஸ்ஸில் வருகிறவர்கள் வாசலிலேயே இறங்கலாம்.

ஓடுகிற கல்யாணத்தில் போய் நின்றது

இந்த மொத்த அனுபவத்தில் நான் சொல்ல நினைப்பது இது ஒன்றுதான். காலி மண்டபம் எல்லாமே நல்ல மண்டபம். கூட்டிப் பெருக்கி, லைட் போட்டு, மேனேஜர் பக்கத்தில் நின்று காட்டினால் எதிலும் குறை தெரியாது. முகூர்த்த நாளில், யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணம் நடந்துகொண்டிருக்கும்போது காலை பத்தரை மணிக்குப் போய்ச் சாப்பாட்டு ஹால் வாசலில் கால் மணி நேரம் நின்றால் அந்த மண்டபம் தன்னைத் தானே சொல்லிவிடும்.

தேனி ரோட்டு மண்டபத்துக்கு அப்படித்தான் மாஸ்டரும் நானும் போனோம். நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனதால் யாரும் எதுவும் கேட்கவில்லை. வாசலில் சந்தனம் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டோம். பந்தி வாசலில் நின்றதும் ஒரு பெரியவர், பெண்ணுக்குச் சித்தப்பா என்று பிறகு தெரிந்தது, கையைப் பிடித்து “வாங்க வாங்க, இந்தப் பந்தியிலயே உக்காந்திருங்க” என்று இழுத்தார். எங்களுக்கு வெட்கமாகிவிட்டது. உண்மையைச் சொன்னேன், எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு மண்டபம் பார்க்க வந்தோம் என்று. அவர் சிரித்துவிட்டு, “அப்ப சாப்பிட்டுத்தான் பாக்கணும்” என்றார். பாயசம் மட்டும் குடித்துவிட்டு, அவர் அனுமதியோடு எல்லா இடமும் சுற்றினோம். எங்கள் கல்யாணத்துக்கு அவருக்குப் பத்திரிகை அனுப்பினேன், மனைவியோடு வந்திருந்தார்.

மாஸ்டர் நேரே பின்பக்கம் போனார். குழாயைத் திறந்து உள்ளங்கையில் தண்ணீர் பிடித்து வாயில் வைத்துத் துப்பினார். “உப்பு தம்பி. இதுல பருப்பு வேகாது, சாம்பார் சட்டியில தண்ணி தனியா பருப்பு தனியா நிக்கும். நல்ல தண்ணி லாரி ரெண்டு சொல்லிருங்க.” அதற்குப் பிறகு அடுப்படியில் இருந்து பந்தியின் கடைசி வரிசை வரை நடந்தார், அடி எண்ணிக்கொண்டே. 52 அடி. படி இல்லை, வளைவு ஒன்றுதான். சாம்பார் வாளியோடு ஓடுகிற பையனுக்கு ஒரு படி ஏறி இறங்குவது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும், ஈரத்தரையில் வழுக்குவது பெரும்பாலும் அந்தப் படியில்தானாம். பாத்திரம் கழுவுகிற தொட்டியில் தண்ணீர் தேங்கி நின்றதை அவர்தான் காட்டினார். அதை மேனேஜரிடம் சொல்லி, எங்கள் தேதிக்கு முன்னால் அடைப்பு எடுக்க வைத்தோம்.

நான் எண்ணியது வேறு. மேசை வரிசை 14, வரிசைக்கு 20 இலை, ஆக 280. ஒரு பந்திக்கு எவ்வளவு நேரம் என்று கைக்கடிகாரத்தில் பார்த்தேன். இலை போட்டு, பரிமாறி, சாப்பிட்டு எழுந்து, இலை எடுத்து, துடைத்து, அடுத்த ஆள் உட்கார 40 நிமிடம். 1,100 பேருக்கு நாலு பந்தி, இரண்டு மணி நாற்பது நிமிடம். இதே கணக்கை நகருக்குள் இருக்கிற பழைய மண்டபத்துக்குப் போட்டுப் பாருங்கள், 160 இலையில் ஏழு பந்தி, நாலு மணி நாற்பது நிமிடம். ரிங் ரோட்டில் மூன்று பந்தி, இரண்டு மணி நேரம். ரிங் ரோடு நமக்கு மிச்சம் பிடித்துக் கொடுக்கும் நாற்பது நிமிடத்துக்காக அத்தனை ரூபாய் கூடக் கொடுத்து, கம்பத்துக்காரர்களை ஊர் முழுக்க இழுத்தடிக்க வேண்டுமா என்று கேட்டதும் வீட்டில் யாருக்கும் பதில் பேசத் தோன்றவில்லை. மூன்று கல்யாணம் உள்ள நாளில் நம் வீட்டுக்கும் தலைகாட்டிவிட்டுப் போக வந்தவர், தாலி கட்டி முடிந்ததும் பந்தி வாசலுக்கு வந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, சாப்பிடுகிறவர் முதுகுக்குப் பின்னால் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சாப்பிடுகிறவருக்கும் இறங்காது, நிற்கிறவருக்கும் அவமானம். அந்த நிலைமை நம் வீட்டு விசேஷத்தில் யாருக்கும் வரக் கூடாது என்பது என் பிடிவாதம். மேடைக்குப் பின்னால் தொங்குகிற பூ என்ன நிறம் என்பது இரண்டாம்பட்சம்.

ஹாலில் 700 பேர் உட்காரலாம் என்று சொன்னார்கள், நாற்காலியை எண்ணினால் 26 வரிசையில் 24, அதாவது 624. அது போதும். கழிவறையில் உட்காருகிற மாதிரி உள்ளது பெண்கள் பக்கம் இரண்டு, ஆண்கள் பக்கம் ஒன்று. வயதானவர்கள் இருக்கிற கூட்டத்தில் இதைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள், என் அம்மா மாதிரி முழங்கால் போனவர்கள் இதற்குப் பயந்தே தண்ணீர் குடிக்காமல் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார்கள். தங்கும் அறை ஆறுதான் இருந்தது, எங்களுக்குப் பன்னிரண்டு வேண்டும். காளவாசல் பக்கம் ஒரு லாட்ஜில் ஆறு அறை எடுத்தோம்.

ஜெனரேட்டர் விஷயத்தையும் சொல்ல வேண்டும். கரண்ட் போனால் எல்லாம் ஓடுமா என்று மேனேஜரிடம் கேட்டேன், எல்லாம் ஓடும் சார் என்றார். அங்கேயே இருந்த எலக்ட்ரீஷியனைத் தனியாகப் பிடித்து, அண்ணே கொஞ்சம் ஆன் பண்ணிக் காட்டுங்க என்றேன். போட்டார். லைட் வந்தது, ஃபேன் வந்தது, மோட்டார் வந்தது, ஏசி வரவில்லை. “ஏசியை இது இழுக்காது சார், எப்பவும் இப்படித்தான்.” கேட்டுத் தெரிந்துகொண்டதால் கோபம் வரவில்லை. சுவர் ஃபேன் பன்னிரண்டு கூடுதலாக மாட்டித் தர வேண்டும் என்று பேசி, அதை ரசீதின் பின்பக்கத்தில் எழுதி வாங்கினேன்.

பணம்

வாடகை 2,80,000, ஜிஎஸ்டி 18 சதவீதம் 50,400. மின்சாரத்துக்கு உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் மீட்டர் குறித்துக்கொண்டார்கள், யூனிட்டுக்கு 20 ரூபாய் வீதம் 870 யூனிட்டுக்கு 17,400. சுத்தம் செய்ய 10,000, ஜெனரேட்டர் டீசல் 6,000, நல்ல தண்ணீர் லாரி இரண்டு 3,000. மொத்தம் 3,66,800. பேசியது 2,80,000 ரூபாய்க்கு. இந்த வித்தியாசம் எல்லா மண்டபத்திலும் இருக்கும், அதனால் வாடகை எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்தாமல், போன வாரம் கல்யாணம் நடத்தியவர் மொத்தமாக எவ்வளவு கட்டினார் என்று கேளுங்கள். டெபாசிட் 50,000 தனியாக வாங்கி, பாத்திரக் கணக்கு சரிபார்த்துத் திருப்பிக் கொடுத்தார்கள். இரண்டு கரண்டியும் ஒரு தூக்குச் சட்டியும் குறைந்தது, அதற்குப் பிடித்தது நியாயமான தொகைதான்.

நடந்தது

முந்தின நாள் மாலை ஆறரைக்கு, வரவேற்புக்குக் கூட்டம் சேரும் நேரத்தில் கோடை மழை பிடித்தது. காற்று என்றால் அப்படி ஒரு காற்று. ரோட்டில் எங்கேயோ மரம் விழுந்து கரண்ட் போனது, திரும்பி வர ஒரு மணி நாற்பது நிமிடம். ஏசி நின்றது. மாட்டி வைத்த சுவர் ஃபேன்கள் சுற்றின, பக்கக் கதவுகளைத் திறந்துவிட்டோம், மழைக் காற்று உள்ளே வந்தது. மேடையில் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் மட்டும் வியர்த்தது, அதற்கு என் மகன் ஒரு டேபிள் ஃபேனைத் தூக்கிக்கொண்டு போய் வைத்தான். சாப்பாட்டு இடம் அதே தளத்தில் கூரைக்குள்ளேயே இருந்ததால் யாரும் நனையவில்லை. மொட்டை மாடியில் கீற்றுக்குக் கீழே பந்தி வைத்திருந்தால் அன்று என்ன ஆகியிருக்கும் என்று மச்சான் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், இரண்டு பேரும் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் முகூர்த்தம் 9 முதல் 10:30. கம்பத்துப் பஸ் இரண்டும் ஏழரைக்கே வாசலில் வந்து நின்றுவிட்டன, எல்லோரும் நிதானமாக டிபன் சாப்பிட்டுவிட்டுத் தாலி கட்டும்போது முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் பாட்டி, 86 வயது, வேனில் இருந்து மணவறைக்கு முன்னால் போட்ட நாற்காலி வரை ஒரு படி கூட ஏறாமல் வந்து சேர்ந்தார். பந்தி நாலும் ஓடியது. மாஸ்டர் இலை எண்ணிச் சொன்னார், 1,040. மொய் நோட்டு எங்களை ஏமாற்றவில்லை. மொய் எழுதும் மேசையை வாசலுக்கு நேராகப் போடாமல் பக்கவாட்டில் போட்டதும் நல்லதாகப் போனது, இப்போது லேப்டாப்பில் அடித்து ரசீது கொடுக்கிறார்கள், அங்கே வரிசை நின்றால் வாசலே அடைபட்டுவிடும்.

இனி தப்பானது. மூன்று மணி வரை இருக்கலாம் என்று மேனேஜர் வாயால் சொன்னார். ரசீதில் இரண்டு மணி என்று அச்சிட்டிருந்தது, அதை நான் படிக்கவில்லை. அத்தனையும் எழுதி வாங்கிய நான் நேரத்தை மட்டும் வாய்வார்த்தையில் விட்டுவிட்டேன். அன்று மாலை அதே மண்டபத்தில் இன்னொருவர் வீட்டு வரவேற்பு. ஒரு மணிக்கே அவர்களின் அலங்கார ஆட்கள் வந்து மேடையைப் பிரிக்க ஆரம்பித்தார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் பெரியவர்கள் காலில் விழுந்துகொண்டிருக்கும்போதே பின்னால் பூச்சரத்தை இழுத்துக் கீழே போட்டார்கள். கார்ப்பெட்டைச் சுருட்டினார்கள். நான் போய்ச் சத்தம் போட்டேன், அந்தப் பையன்கள் பாவம், அவர்களுக்குச் சொன்ன நேரம் அது, மேனேஜர் போனை எடுக்கவே இல்லை. பெண்ணை மறுவீட்டுக்கு அனுப்புகிற நேரம் ஒரு வீட்டில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த அழுகையையும் நிறுத்தி நிதானமாக அழ முடியாமல், சீர் சாமான்களை வண்டியில் ஏற்றுவதிலும் நாற்காலியை நகர்த்தச் சொல்லி வருகிறவர்களுக்கு வழிவிடுவதிலும் போனது. அதற்கு நான் காரணம் என்பது இன்னும் உறுத்துகிறது.

பெண் கிளம்பிய பிறகு பார்த்தால் அக்கா காலையில் இருந்து எதுவுமே சாப்பிடவில்லை. பந்தி ஹாலில் மேசைகளை மடித்து வைத்துவிட்டார்கள். மாஸ்டர் அவளைக் கையைப் பிடித்து அடுப்படிக்குக் கூட்டிப்போய், கவிழ்த்து வைத்திருந்த அண்டாவின் மேல் உட்கார வைத்து, எடுத்து வைத்திருந்த ஒரு இலையைக் கழுவி முன்னால் விரித்தார். சோறு, பருப்பு, நெய், உருளைக்கிழங்கு பொரியல். அப்பளம் இரண்டு தனியாகப் பொரித்துக் கொடுத்தார். மச்சானும் பக்கத்தில் வந்து ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார், அதே இலையில் இருந்து ஒரு அப்பளத்தை எடுத்துக்கொண்டார். அவர்கள் சாப்பிட்டு முடிக்கும் வரை அடுப்படி வாசலில் நானும் மாஸ்டரின் பையன்களும் நின்று, உள்ளே யாரையும் விடவில்லை.

கல்யாணத்தைப் பதிவு செய்ய 90 நாள் இருக்கிறது, பெண்ணும் மாப்பிள்ளையும் பத்திரிகையும் போட்டோவும் எடுத்துக்கொண்டு போய்ப் பதிந்துவிட்டார்கள். பெரியப்பா மகன் கல்யாணத்துக்கு இப்போது மண்டபம் பார்க்கிறோம், தையில் மூன்று தேதி வாங்கியாகிவிட்டது. நேற்று ஒரு இடத்தில் பேசி முடித்தோம். ரசீது புத்தகத்தை எடுத்த மேனேஜரிடம், முதல் வரியில் எத்தனை மணிக்கு உள்ளே, எத்தனை மணிக்கு வெளியே என்று எழுதுங்கள், வாடகையை அதற்குக் கீழே எழுதிக்கொள்ளலாம் என்றேன். எழுதினார். படித்துப் பார்த்துவிட்டுத்தான் பணத்தை எண்ணினேன்.